போகும்போது வரும் சத்தம்

…இல்லை, பேரிங்கும் இல்லை, பேரிங் போயிருந்தால் சக்கரத்தைக் கையால் சுற்றும்போதே மணலை மெல்லுவதுபோல ஒரு கரகரப்பு விரலில் ஏறியிருக்கும், இது சத்தம் காட்டாமல் சுற்றுகிறது, விட்டால் மத்தியானம் வரைக்கும் இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும் போல. அவள் மெக்கானிக்குகளின் ஸ்டெதஸ்கோப்பின் நீண்ட கம்பி முனையைப் பின்சக்கரத்தின் அச்சிலிருந்து எடுத்து மோட்டாரின் வயிற்றில் வைத்தாள். அங்கேயும் வழக்கமான மெல்லிய ரீங்காரம்தான், தூரத்து அறையில் யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்டு மறந்துபோனதுபோல. மூன்றாவது முறையாக இந்த வண்டி இந்த ஸ்டாண்டில் ஏறியிருக்கிறது, மூன்றாவது முறையாக ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம், வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் இடத்தில், மடியில் ஹெல்மெட்டைப் பூனைக்குட்டி மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர் சத்தம் வருகிறது என்கிறார். அவர் அவளுடைய அப்பா. வேறு யாராவது என்றால் என்ன செய்திருப்பாள், பழகிடும் சார், எலக்ட்ரிக் வண்டின்னா அப்படித்தான் என்று சொல்லி அனுப்பியிருப்பாளா… இல்லை, அப்படி அனுப்புகிறவள் இல்லை அவள், அதனால்தான் இந்தப் பட்டறையில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர், பாதி கிண்டல், பாதி மரியாதை. மற்றவர்கள் கம்ப்யூட்டரைச் செருகி, கோளாறு எதுவும் காட்டவில்லை என்றால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள், அவள் காதில் குழாயை மாட்டிக்கொண்டு வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிடுவாள். குந்தி உட்கார்ந்து என்ன பயன், இன்றைக்கு வண்டிக்காக அல்லவே உட்கார்ந்திருக்கிறாள், நேரத்தைக் கடத்துவதற்காக உட்கார்ந்திருக்கிறாள், எழுந்து போய் அவரிடம் ஒரு பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கிறதே.

“போகும்போது வருதும்மா. வரும்போது வரல.” முதல்முறை வந்தபோதே அப்படித்தான் சொன்னார், சட்டைப் பொத்தானைத் திருகியபடி, மருத்துவரிடம் சொல்லத் தயங்குகிறவர்கள் சொல்வதுபோல. என்ன மாதிரி சத்தம்ப்பா என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பல்வலிக்காரன் முனகற மாதிரி என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது முனகி வரும்போது வாயை மூடிக்கொள்ளும் வண்டி, இப்படி ஒரு வண்டியை அவள் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து நூலகத்துக்குப் போகிற சாலை தட்டையான சாலை, மேடும் இல்லை பள்ளமும் இல்லை, போகிற வழியேதான் திரும்பி வருகிற வழியும். அப்படியிருக்க, ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே ஆள், ஒருபக்கம் மட்டும் சத்தம் என்றால் கோளாறு எதில் இருக்கிறது… இந்தக் கேள்வியைத்தான் அண்ணன் தொலைபேசியில் வேறுமாதிரி கேட்டான். வேறு ஊரில் இருக்கிறவன், வாரம் ஒருமுறை அப்பாவுடன் பேசுகிறவன், அவரிடம் பேசி முடித்ததும் அவளைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவன். “போகும்போது சத்தம் வருதாம், வரும்போது வராதாம். நீயே சொல்லு, இது வண்டி பிரச்சனையா?” அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருந்ததை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான், சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், அவளும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பெட்ரோல் வண்டிகளின் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. எஞ்சின் என்று ஒரு பெரிய வாய்க்காரன் நடுவில் உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டே இருப்பான், அவன் பேச்சில் மற்ற எல்லாருடைய முணுமுணுப்பும் அமுங்கிப் போகும், செயின் தேய்வது, பிரேக் உரசுவது, நம்பர் பிளேட் நடுங்குவது, ஒன்றும் வெளியே கேட்காது. எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டாரை வைத்ததும் வீட்டுக்குள் இருந்த சின்னச் சின்ன ஆட்கள் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெல்ட்டின் பல்லில் ஒரு கடுகளவு கல் சிக்கினால்கூட டிக் டிக் என்று ஊரைக் கூட்டும். வாடிக்கையாளர்கள் பயந்துபோய் ஓடி வருகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, இவை எப்போதும் இருந்த சத்தங்கள்தான், இப்போதுதான் கேட்கிறது என்று அவள் விளக்கிச் சொல்வாள்… அம்மா இறந்தபின் அப்பாவின் வீட்டுக்குப் போனபோதும் இப்படித்தான் இருந்தது. அம்மா இருந்தவரை அப்பாவுக்கென்று சத்தமே கிடையாது. அம்மா சமையலறையிலிருந்து கூடத்தோடும், கூடத்திலிருந்து தெருவோடும் பேசுவாள், பேச ஆள் இல்லையென்றால் பாத்திரத்தைத் திட்டுவாள், அப்பா அந்தப் பேச்சுக்குக் கீழே குடையின் கீழே நிற்பதுபோல நின்றுகொண்டிருப்பார். மூன்று வருடமாகிறது. முதன்முதலாக அவர் மூச்சுவிடுவது, நாற்காலியிலிருந்து எழும்போது முழங்கால் சொடுக்குவது, டம்ளரை வைத்துவிட்டு அதைக் கொஞ்சம் தள்ளி வைப்பது எல்லாம் அவள் காதில் விழ ஆரம்பித்தது. பயமாக இருந்தது. பயப்பட ஒன்றும் இல்லை என்று அவளுக்கு யார் சொல்வது?

அவர் எடைமேடையில் வேலை பார்த்தவர். ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு கண்ணாடி அறை, அதன் முன்னால் தரையோடு தரையாக ஓர் இரும்பு மேடை, லாரிகள் அதன்மேல் ஏறி நிற்கும், இவர் உள்ளேயிருந்து எடையைப் பார்ப்பார், காலியாக ஒருமுறை, சரக்கோடு ஒருமுறை. லாரிக்காரர்களுக்கு அவர் பெயர் தெரியாது, கண்ணாடிக்காரர் என்பார்கள். அதிகம் பேசத் தேவையில்லாத வேலை, அவருக்கென்றே செய்ததுபோல. ஓய்வு பெற்றபின் நடந்தே போய்க்கொண்டிருந்தவருக்கு இந்த வண்டியை வாங்கச் சொன்னதே அவள்தான், கியர் இல்லை, சூடு இல்லை, புகை இல்லை, நீங்க ஏறி உட்கார்ந்தா போதும்ப்பா என்று. அம்மா போனபின் வாங்கியது, அதனால் அம்மா இதில் ஏறியதில்லை. இப்போது அவள்தான் இதைப் பிடுங்கப் போகிறாள். அண்ணன் சொன்னது ஒன்றும் அநியாயம் இல்லை. இல்லாத சத்தம் கேட்கிறது என்கிறார், அது ஒன்று. நூலகத்துக்குப் போனேன் என்று தினமும் சொல்கிறார், போன வாரம் அவளே அந்த வழியாகப் போனபோது நூலகத்தின் கதவில் பூட்டு, உள்ளே சுண்ணாம்பு அடிக்கிற ஏணி, மாதக் கடைசி வரை மூடியிருக்கும் என்று அட்டை. அன்று மாலை போய், நூலகத்துல கூட்டமாப்பா என்று கேட்டாள். “சுமாரா இருந்துச்சு” என்றார். அது இரண்டு. அதை அண்ணனிடம் சொன்னது யார், அவள்தான். ஞாபகம் பிசகுகிற ஒருவர் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது, மருத்துவரிடம் அப்புறம் காட்டலாம், முதலில் சாவியை வாங்கிவிடு என்றான். எப்படி வாங்குவது? “உன் பட்டறைலதான வண்டி நிக்கப்போகுது. பார்ட் வரணும்னு சொல்லு. வெளிநாட்டுலேர்ந்து வரணும்னு சொல்லு. கொஞ்ச நாள்ல மறந்துடுவாரு.” மறந்துவிடுவார்… மறதி இருக்கிறவரிடம் சொல்வதற்கு மிகவும் வசதியான பொய். அவள் சரி என்றாள். அதனால் இன்று காலை அவர் வந்து சாவியை நீட்டியபோது, அவர் கண்ணைப் பார்க்காமல் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பை இப்போது கனக்கிறது, ஒரு சாவி இவ்வளவு கனக்குமா?

பொய் சொல்வதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது, யாருக்காக என்று தெரியவில்லை. அச்சின் நட் இறுக்கமாக இருந்தது. பிரேக் பட்டைகள் உரசவில்லை. மோட்டாரின் தலையிலிருக்கும் சின்னப் பல்சக்கரத்துக்கும் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே பெல்ட் நேராக ஓடுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள், நூல் பிடித்ததுபோல ஓடியது. போனின் சின்னச் செயலியைத் திறந்து பெல்ட்டின் அருகே பிடித்துக்கொண்டு விரலால் ஒரு சுண்டு சுண்டினாள், கம்பியைச் சுண்டினால் வருவதுபோல ஒரு தொனி எழுந்தது, செயலி அந்த அதிர்வை எண்ணாகக் காட்டியது. இருக்க வேண்டிய அளவுக்குள்தான், மேல் எல்லையை ஒட்டி. அது அவள் வைத்ததுதான். முதல்முறை அவர் வந்தபோது பெல்ட்டைச் சுத்தம் செய்து கொஞ்சம் இறுக்கினாள். இரண்டாவது முறை வந்து, முன்னைவிட ஜாஸ்தியா இருக்கும்மா என்றபோது இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். தளர்ந்த பெல்ட் வழுக்கும், பல் தாண்டும், வயதான மனிதர், ஓர் இழுப்பில் பெல்ட் தாண்டிச் சக்கரம் திக்கினால் விழுந்துவிடுவார், இறுக்கமாக இருந்தால் பத்திரம். இரண்டு முறையும் அவளே ஓட்டிப் பார்த்தாள், பட்டறையைச் சுற்றி, பெரிய சாலை வரை. ஒன்றுமில்லை. வந்து, ஒண்ணும் இல்லப்பா என்றாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஏமாற்றமா அது? கோளாறு இல்லை என்று சொன்னால் யாராவது ஏமாற்றம் அடைவார்களா…

“நோயாளி பொழைப்பாரா டாக்டரம்மா?” உதிரிபாக அறையின் வாசலில் கதவு நின்றிருந்தார். அவர் வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் போகாது, அதனால் அவருக்குக் கதவு என்று பெயர், பெயர் வைத்ததே அவர்தான் என்பார்கள், மற்றவர்கள் வைப்பதற்கு முன்னால் நாமே வைத்துக்கொள்வது கௌரவம் என்று. அவர் ஸ்கூட்டர் பஞ்சராம், தெருமுனை ஒட்டுக்கடையில் விட்டிருக்கிறாராம், ரெடியாம், கொண்டுபோய் விட முடியுமா என்றார். எப்படியும் ஓட்டிப் பார்க்கத்தான் போகிறாள், இந்த வண்டியிலேயே ஏறுங்கண்ணே என்றாள். “தாங்குமா? ஏற்கனவே உங்கப்பா வண்டி அழுவுதுங்கறாரு.” “அழுதா உங்களால அழுவட்டும், காரணமாவது தெரியும்” என்றாள், சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். ஸ்டாண்டிலிருந்து இறக்கி வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். கதவு ஏறி உட்கார்ந்தார். வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டதுபோல இறங்கிற்று. அவள் கைப்பிடியைத் திருகினாள்.

கேட்டது. கேட் தாண்டி வேகம் பிடித்ததுமே கேட்டது. முதலில் அவள் அதைத் தெருவில் எங்கோ இரும்பு அறுக்கிறார்கள் என்று நினைத்தாள். வேகம் கூடக் கூட அதுவும் கூடவே எழுந்தது, மூக்கால் இழுக்கிற ஒரு நீள முனகல், கைப்பிடியைத் தளர்த்தினால் தாழ்ந்து, திருகினால் மறுபடி எழுந்து… பல்வலிக்காரன். அச்சு அசல் பல்வலிக்காரன், தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன். எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னார்? பின்னாலிருந்து கதவு, “என்னம்மா, நெசமாவே அழுவுது” என்றார், குரலில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. ஒட்டுக்கடை வாசலில் அவரை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி, ஓட்டினாள். சத்தம் இல்லை. வேகம் கூட்டினாள், சத்தம் இல்லை. அதே சாலை, அதே வெயில், அதே வண்டி. போகும்போது வந்தது, வரும்போது வரவில்லை.

ஒரு மூடிய கடையின் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலேயே உட்கார்ந்திருந்தாள். கை தானாகக் கணக்குப் போட்டுவிட்டது, மனசுதான் பின்தங்கி வந்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை ஆள் இல்லாதபோது கீழ்நோக்கிச் சாய்ந்து தொங்கும், ஓர் ஆள் ஏறினால் கொஞ்சம் நிமிரும், இரண்டு ஆள் ஏறினால் மோட்டாரோடு ஒரே நேர்கோட்டில் நிற்கும். நேர்கோட்டில் நிற்கும்போதுதான் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவிலிருக்கும் தூரம் அதிகம். தூரம் அதிகமானால் பெல்ட் விறைக்கும். ஸ்டாண்டில், சக்கரம் அந்தரத்தில் தொங்க, காலியாக வைத்து அவள் இறுக்கிய பெல்ட், இறுக்கமாக இருந்தால் பத்திரம் என்று மேல் எல்லையை ஒட்டி இறுக்கிய பெல்ட், இரண்டு ஆள் ஏறியதும் இழுக்க இடமில்லாமல் முனகுகிறது. கொஞ்சமாக இருந்ததை ஜாஸ்தியாக்கியது அவள்தான். பட்டறையில் எல்லாரும் செய்கிற தவறு, வண்டியைத் தனியாக நிறுத்தித் தனியாக ஓட்டித் தனியாகவே சரி பார்ப்பது. சரி, அது பெல்ட். ஆனால் இரண்டு ஆள்… அப்பாவின் வண்டியில் இரண்டாவது ஆள் யார்?

முதலில் வந்தது நிம்மதிதான், மார்பிலிருந்து யாரோ எழுந்து போனதுபோல. அவருக்கு ஒன்றும் இல்லை. இல்லாத சத்தம் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை, இருக்கிற சத்தத்தை இருக்கிற மாதிரியே சொல்லியிருக்கிறார். நூலகம் மூடியிருந்ததை மறக்கவும் இல்லை, அவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். யாரையோ ஏற்றிக்கொண்டு எங்கேயோ போகிறார், அங்கே இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்புகிறார், தினமும்… அந்த நிம்மதியின் வாலைப் பிடித்துக்கொண்டு வேறொன்று வந்தது, அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. நோய் என்றால் அவருக்கு அவள் வேண்டும். மாத்திரையை எடுத்துக்கொடுக்க, மருத்துவரிடம் கூட்டிப்போக, அண்ணனிடம் பெருமூச்சு விட. இதற்கு அவள் எதற்கு? அம்மாவை நினைத்துக்கொண்டாள், நினைத்தது அம்மாவுக்காகவா தனக்காகவா… பின் சீட் காலி என்றுதானே இவ்வளவு நாளும் இருந்தாள், காலி என்பது அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று ஒருநாளாவது யோசித்தாளா? அம்மாவின் இடம் என்று அவள் மனசில் ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறாள், அம்மா ஏறியே பார்க்காத ஒரு வண்டியின் சீட்டுக்கு.

பட்டறைக்குத் திரும்பியதும் அப்பாவைப் பார்க்காமல் நேராக வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினாள். இப்போது கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது, தெரிந்துகொண்டு பார்த்தால் எல்லாம் தெரியும். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் மடக்குக் கம்பிகளின் ரப்பரில் புழுதி இல்லை, ஓரத்தில் குதிகால் பட்டுப்பட்டுப் பளபளப்பேறியிருந்தது. சீட்டின் பக்கத்திலிருந்த கொக்கியில் பெயின்ட் சுரண்டிப் போயிருந்தது, அவர் ஹெல்மெட் எப்போதும் தலையில் அல்லது மடியில், அப்படியானால் அங்கே தொங்கியது இன்னொரு ஹெல்மெட். மூன்று முறை இந்த வண்டியைத் துடைத்திருக்கிறாள், மூன்று முறையும் இவற்றின்மேலும்தான் துணி போய்வந்திருக்கிறது. சோதனைக்காக வைத்திருக்கும் பழைய பேட்டரிப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் எடையும் அவளுக்குத் தெரியும். தான் ஏறி உட்கார்ந்து, பின் சீட்டில் ஒவ்வொன்றாகக் கட்டி வைத்து ஓட்டிப் பார்த்தால், முனகல் எந்த எடையில் தொடங்குகிறது என்று பிடித்துவிடலாம், அந்த ஆள் குண்டா ஒல்லியா, பெரியவரா சின்னவரா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம், ஒரு பெட்டியைத் தூக்கவும் தூக்கிவிட்டாள். தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். எடை பார்ப்பது அவருடைய வேலையல்லவா… மறுபடி சுவரோரமாகவே கொண்டுபோய் வைத்தாள்.

எடை பார்ப்பது அவருடைய வேலை. அதை நினைத்ததும் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. வேலை பார்த்த காலமெல்லாம் போகும்போது சரக்கு வரும்போது காலி என்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு லாரி போகும்போது உறுமி வரும்போது உறுமவில்லை என்றால் காரணம் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர், அவருக்கா தெரிந்திருக்காது? பின்னால ஆள் உக்காந்தா சத்தம் வருதும்மா என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலும் இல்லையே, போகும்போது வருது, வரும்போது வரல, இதற்குமேல் அந்த மனிதர் எப்படிச் சொல்வார்… அவள் அச்சின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்துத் திருகுகளையும் ஒரே அளவில் பின்னால் விட்டாள். கதவு ஸ்கூட்டரோடு வந்து சேர்ந்திருந்தார், வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி அவரைக் கூப்பிட்டு, முன்னால் ஏற்கனவே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பின்னால் உட்காரச் சொன்னாள். “எங்கூட யாரும்மா உக்காருவா, இடம் வேணாமா” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். சக்கரத்தின் இரும்புக் கை நிமிர்ந்து நிற்க, விறைத்த இடத்தில் வைத்துப் பெல்ட்டைச் சுண்டிப் பார்த்துச் சரி செய்தாள். குலுக்கலைத் தாங்கும் ஷாக்கின் கழுத்திலிருந்த வளையத்தை இரண்டு பேருக்கான பள்ளத்துக்குத் திருப்பினாள். கதவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தாள். ரீங்காரம் மட்டும்தான். “பல்ல புடுங்கிட்டீங்களா?” என்றார் கதவு. இல்லண்ணே, பல்லு நல்லாத்தான் இருந்துச்சு என்றாள்.

அப்பா எழுந்து நின்றிருந்தார். சட்டை இஸ்திரி போட்டதாக இருந்தது, அதையும் இப்போதுதான் பார்த்தாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்து வந்தாள், கண்ணாடித் தடுப்பின் கதவைத் தள்ளும்வரை இரண்டு வாக்கியங்களும் வாயில் தயாராக இருந்தன, பார்ட் வரணும்ப்பா என்பதும் இன்னொன்றும். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

“சத்தம் வந்துச்சுப்பா.”

அவர் சாவியை வாங்காமல் அவளையே பார்த்தார். “உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. பெல்ட்ட நான்தான் ரொம்ப இறுக்கிட்டேன். இப்ப ரெண்டு பேருக்கு ஏத்த மாதிரி வெச்சிருக்கேன்.”

இரண்டு பேருக்கு என்பதை அவள் சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தாள், சாதாரணமாகத்தான் வந்தது என்றும் தோன்றியது. அவர் ஹெல்மெட்டின் வாரை ஒருமுறை அவிழ்த்து மறுபடி மாட்டினார். வெளியே யாரோ காற்றடிக்கும் கருவியை ஓட்டினார்கள், அது நிற்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“பின்னாடி இருக்கறவங்களுக்குத்தான் ரொம்பக் கேக்குதாம்” என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. “பாவம், அவங்களுக்குக் காதுக்குள்ளயே வந்து நிக்குதாம்.”

“இனிமே நிக்காதுப்பா.”

அவ்வளவுதான். யார் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா, கேட்க வேண்டும் என்று காத்திருந்தாரா… அதற்குள் சாவியை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். தனியாகப் போனாலும் ஒன்றும் ஆகாதா என்று வண்டியில் உட்கார்ந்தபின் கேட்டார், ஒன்றும் ஆகாது, கொஞ்சம் தூக்கிப்போடும், அவ்வளவுதான் என்றாள். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். நிதானமாக, கேட்டின் முன் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, கை காட்டித் திரும்பினார். அவர் ஓட்டுவதை அவள் இன்றுதான் இவ்வளவு நேரம் பார்க்கிறாள், கை நடுங்குகிறது என்று அண்ணனிடம் சொன்னதுகூட அவள்தானே, எந்தக் கை, எப்போது நடுங்கியது? அவர் திரும்பியது வீட்டுப் பக்கம் இல்லை. வண்டி மறைந்தபின்னும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை, நன்றாகத்தான் சரி செய்திருக்கிறாள்.

பையில் போன் அதிர்ந்தது. அண்ணனாகத்தான் இருக்கும், சாவி வாங்கிவிட்டாயா என்று கேட்கத்தான். எடுக்கலாம், சத்தம் இருந்தது என்று சொல்லலாம், அதற்கு அடுத்த வாக்கியம் என்ன… போன் நின்றது, மறுபடி அதிர ஆரம்பித்தது. அவள் அடுத்த வண்டியைப் பார்க்கப் போனாள். பிரேக் பிடித்தால் உள்ளே ஏதோ தட்டுகிறது என்று ஓர் ஆசிரியை வந்து நின்றிருந்தார், எனக்கு மட்டும்தான் கேக்குதோ என்னவோ என்று சங்கடப்பட்டார். “நீங்க ஓட்டுங்க மேடம், நான் பின்னாடி உக்காந்துக்கறேன்” என்று வழக்கம்போல வாயில் வந்தது. எல்லாரிடமும் சொல்வதுதான், அவருக்குக் கேட்டு நமக்குக் கேட்கவில்லை என்றால் அவரை ஓட்டவிட்டு நாம் பின்னால் உட்கார வேண்டும், பயிற்சியில் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான், இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கும் அவள் அதைச் செய்யாமல் விட்டதில்லை. ஹெல்மெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். மூன்று முறையும், நீங்க உக்காருங்கப்பா, வெயில்ல எதுக்கு என்று சொல்லி அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போனாள். மூன்று முறையும் வெயில் இருந்ததா?